கோதிக் இலக்கியம் என்றால் பேய்க்கதைதானா?

வெள்ளவத்தை வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கொழும்பில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில் அடுத்த முறை கோதிக் இலக்கியத்தைப் பற்றி நான் பேசவேண்டியிருக்கிறது. அழைப்பிதழில் 'ஆங்கிலப் பேய்க்கதைகள்' என்று தலைப்பிடலாம் என ஒருவர் சொன்னார். அதை எழுத எனக்கு மனம் வரவில்லை. பள்ளிக்கூட நாளில் நான் படித்து உறக்கம் கெட்ட ஜேன் ஐயர் நாவலைக் கோதிக் மரபைச் சேர்ந்தது என்கிறார்கள். ஆனால் அதில் பேய் கிடையாது. மேல்மாடியில் பூட்டிவைக்கப்பட்ட ஒரு மனைவிதான் இருக்கிறாள். அவளுடைய சிரிப்புச் சத்தம்தான் இரவில் கேட்கிறது.

இந்த மரபு எங்கே, எதனால் தொடங்கியது, இதன் பொது இயல்புகளாக எவற்றைச் சொல்லலாம் என்பதைத் தெளிவாக அறிய விரும்புகிறேன். காரைக்கால் அம்மையாரின் சுடுகாட்டுப் பாடல்களையும் கலிங்கத்துப்பரணியையும் நம்முடைய கோதிக் என்று சொல்லலாமா என்பதும் என் கேள்வி. வட்டத்து நண்பர் ஒருவர், கோதிக் கட்டடத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் வுல்வெண்டால் தேவாலயத்துக்குப் போனாலே போதும் என்றார். அது சரிதானா?

கொட்டாஞ்சேனை ஆசிரியர் எழுதியது:

அன்புள்ள தங்கைக்கு, கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். நான் அந்தத் தேவாலயத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் வாழ்கிறவன். வுல்வெண்டால் கோதிக் கட்டடம் அன்று. ஒல்லாந்தர் கட்டி 1757இல் திறந்துவைத்த அந்தக் கோயில் சிலுவை வடிவில், தடித்த சுவர்களோடு, கனத்து நிற்பது. கோட்டையிலிருந்த பழைய தேவாலயத்திலிருந்து 1813இல் கொண்டுவரப்பட்ட ஒல்லாந்த ஆளுநர்களின் கல்லறைக் கற்கள் அதன் தளத்தில் பதிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் செதுக்கிய குலச்சின்னங்கள் மேல் கால் வைக்கத் தயங்கி ஓரமாக ஒதுங்கி நடக்கும்போது நமக்குள் ஏற்படுகிறதே ஓர் உணர்வு, அது கோதிக் உணர்வுதான். உங்கள் நண்பர் அந்த உணர்வைக் கட்டடத்தின் பெயராக்கிவிட்டார்.

சொல்லின் வரலாறே ஒரு தவறில் தொடங்குகிறது. கோத்தியர் என்போர் 410ஆம் ஆண்டில் ரோம் நகரைச் சூறையாடிய செர்மானிய இனத்தார். அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்து, 12ஆம் நூற்றாண்டுப் பிரான்சில், கூர்முனை வளைவுகளும் உயர்ந்த கூரைகளும் வண்ணக் கண்ணாடிச் சன்னல்களும் கொண்ட ஒரு கட்டடக்கலை தோன்றியது. அதைப் பின்வந்த மறுமலர்ச்சிக்கால இத்தாலியர்கள், ரோமின் ஒழுங்கை அறியாத காட்டுமிராண்டிகளின் வேலை என்று இகழ்ந்து 'கோத்தியம்' என்றார்கள். கோத்தியருக்கும் அந்தக் கட்டடங்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அந்தச் சொல்லுக்கு இருள் சூழ்ந்த, மூடநம்பிக்கை நிறைந்த இடைக்காலம் என்பதே பொருள்.

அந்த வசைச் சொல்லை விரும்பி எடுத்துத் தன் நூலுக்குச் சூட்டியவர் ஹொரேஸ் வால்போல். பிரித்தானியப் பிரதமர் ராபர்ட் வால்போலின் மகனான இவர், இலண்டனுக்கு அருகே துவிக்கனாமில் இருந்த தன் வீட்டைப் பல ஆண்டுகளாக ஒரு சிறு கோதிக் கோட்டையாக மாற்றிக்கொண்டிருந்தார். கல்லைப் போலத் தோன்றும் அதன் கூரை வேலைப்பாடுகளில் ஒரு பகுதி காகிதக்கூழால் ஆனது. 1764இல் ஒரு நாள், பழைய கோட்டை ஒன்றின் பெரிய மாடிப்படியின் உச்சிக் கைப்பிடியில், இரும்புக் கவசம் அணிந்த ஒரு மாபெரும் கை மட்டும் இருப்பதாக அவர் கனவு கண்டார். அன்று மாலையே, என்ன எழுதப்போகிறோம் என்று அறியாமலே எழுதத் தொடங்கினார். அவ்வாறு பிறந்ததுதான் ஒட்ரான்டோ கோட்டை. 1764 டிசம்பரில் வெளிவந்தபோது அதில் அவர் பெயர் இல்லை. 1529இல் நேப்பிள்ஸ் நகரில் அச்சான ஒரு பழைய இத்தாலிய நூலின் மொழிபெயர்ப்பு என்று முன்னுரை சொல்லியது. நூல் விற்றுத் தீர்ந்த பிறகு 1765இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் அது தன் கற்பனையே என்று ஒப்புக்கொண்டு, 'ஒரு கோதிக் கதை' என்ற துணைத்தலைப்பையும் சேர்த்தார். அறிவின் ஒளிக்காலம் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஒரு காலத்தில், பகுத்தறிவுக்கு ஒவ்வாததை ஒரு கனவான் வெளிப்படையாக எழுத இயலாமல், அதைப் பழைய ஏட்டின்மீது ஏற்றிச் சொல்லவேண்டியிருந்தது என்பதை உங்கள் உரையில் தவறாமல் குறிப்பிடுங்கள். கண்டெடுத்த ஏடு, கடிதம், நாட்குறிப்பு என்ற உத்தி அன்றிலிருந்து இந்த மரபோடு ஒட்டிக்கொண்டது. 1897இல் வந்த டிராகுலா முழுவதும் அவ்வாறே கட்டப்பட்டிருக்கிறது.

கதையின் தொடக்கத்தை அவையில் சொல்லிவிட்டால் மற்றவை தாமே விளங்கும். இளவரசன் மன்பிரெட்டின் ஒரே மகனுக்கு அன்று திருமணம். மணமகனைக் காணவில்லை. முற்றத்துக்கு ஓடியவர்கள் காண்பது, மனிதர் எவரும் அணிய முடியாத அளவில், கறுப்பு இறகுகள் சூடிய ஒரு தலைக்கவசம். அதன் அடியில் நசுங்கிக் கிடக்கிறான் பையன். தகப்பனோ மகனுக்காக அழுவதை விட்டு, வாரிசு இல்லாமற் போய்விடும் என்ற பதற்றத்தில், தன் மனைவியைத் தள்ளிவைத்துவிட்டு அந்த மணமகளைத் தானே மணக்க முற்படுகிறான். அவள் கோட்டைக்கு அடியிலுள்ள சுரங்க வழியாக ஓடுகிறாள். காற்று அடித்து அவள் கையிலிருந்த விளக்கு அணைகிறது. இத்தனைக்கும் காரணம், மன்பிரெட்டின் பாட்டன் உண்மையான உரிமையாளனை நஞ்சிட்டுக் கொன்று, பொய் உயில் எழுதி, அந்தக் கோட்டையைக் கவர்ந்திருந்தான் என்பதே. உண்மையான உரிமையாளன் கோட்டைக்குள் அடங்காத அளவுக்கு வளரும்போது அது இக்குடும்பத்தின் கையை விட்டுப் போகும் என்று ஒரு பழைய வாக்கு இருந்தது. அந்தத் தலைக்கவசம் அவனுடையது.

ஆகவே, கோதிக் கதையின் அடிப்படை பேய் அன்று. உறுதிப் பத்திரமே பிழையான ஒரு வீடு.

ஏட்டுச்சுவடி எழுதியது:

ஆசிரியர் ஐயா தோற்றத்தைச் சொல்லிவிட்டதால், பொது இயல்புகளைப் பற்றி எழுதுகிறேன். பாழடைந்த கோட்டை, மடாலயம், சுரங்கம், இடி மின்னல், துரத்தப்படும் பெண், கொடிய பிரபு, குலச்சாபம் என்று அடுக்கிக்கொண்டு போகலாம். எந்த அறிமுக நூலிலும் அந்தப் பட்டியல் கிடைக்கும். பட்டியலைவிட, அச்சம் எவ்வாறு உண்டாக்கப்படுகிறது என்பதை எடுத்துக்கொள்வது நல்லது. அதற்கு நமக்கு, உணர்ச்சிகள் வெளிப்படும் விதத்தைப் பேசும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலே போதிய சொற்களைத் தருகிறது.

அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது தொல்காப்பியம்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. தெய்வமும் பேயும் அணங்கில் அடங்கும். தம் இறை என்றால் நம்மை ஆளுகிறவர். அரசன், தந்தை, தலைவன். கோதிக் நாவல் அணங்கைக் காட்டி நம்மை அழைத்துச்சென்று, தம் இறையிடம் கொண்டுபோய் விடுகிறது. ஆன் ராட்கிளிஃப் 1794இல் வெளியிட்ட உடோல்போ நாவலில், பெற்றோரை இழந்த எமிலி, அத்தையின் கணவனான மொன்டோனியின் மலைக்கோட்டையில் அடைபடுகிறாள். கதவுகள் இரவில் வெளிப்புறமாகத் தாழிடப்படுகின்றன. பாட்டொலி எங்கிருந்தோ வருகிறது. எல்லாம் அணங்கு போலத் தோன்றும். ஆனால் மொன்டோனிக்கு வேண்டியது மனைவியின் நிலபுலன்களும், அவளுக்குப் பின் எமிலியின் கையெழுத்தும்தான். அவனைச் சூழ்ந்திருப்பவர்கள் கூலிப்படையினர். தொல்காப்பியர் சொன்ன கள்வரும் வந்துவிட்டார்கள்.

அந்த நாவலின் புகழ்பெற்ற கறுப்புத் திரையைப் பற்றிச் சொல்லாமல் விட இயலவில்லை. ஓர் அறையில் கறுப்புப் பட்டுத்துணியால் மூடிய ஏதோ ஒன்று தொங்குகிறது. எமிலி திரையை விலக்குகிறாள், பார்க்கிறாள், மயங்கி விழுகிறாள். அவள் கண்டது என்ன என்பதை ஆசிரியர் சொல்லவே இல்லை. நாவல் முடியும் தறுவாயில்தான், அது அழுகிய பிணத்தைப் போல மெழுகால் செய்த ஓர் உருவம் என்றும், அக்குடும்பத்தில் முன்பு ஒருவர் தன் பாவத்துக்குத் தண்டனையாக நாள்தோறும் அதைப் பார்த்திருக்கவேண்டும் என்று திருச்சபை விதித்தது என்றும் அறிகிறோம். அதுவரை அந்தத் திரை நம் மனத்தில் தொங்கிக்கொண்டே இருக்கிறது. இடையிலுள்ள அத்தனை பக்கங்களே ராட்கிளிஃபின் கலை என்பேன். அமானுடமாகத் தோன்றியவற்றுக்கெல்லாம் இறுதியில் இயல்பான காரணம் சொல்லிவிடுவது அவருடைய முறை. நேர்மாறாக, 1796இல் மத்தேயு லூயிஸ் எழுதிய துறவி நாவலில் சாத்தானே நேரில் வருகிறான். பிணமும் புழுவும் கண்முன் வைக்கப்படுகின்றன. இவ்விரண்டையும் ராட்கிளிஃபே பின்னர் வேறுபடுத்தினார். அவர் இறந்த பின் 1826இல் வெளியான ஒரு கட்டுரையில், தெளிவில்லாத அச்சம் உள்ளத்தை விரித்து அதன் ஆற்றல்களை விழிக்கச் செய்கிறது என்றும், கோரம் அதை ஒடுக்கி உறையவைக்கிறது என்றும் எழுதியிருக்கிறார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஒட்ரான்டோவுக்கு ஏழு ஆண்டுகள் முன்பு, 1757இல், எட்மண்ட் பர்க் உன்னதத்தைப் பற்றி எழுதிய நூலில், அளவிறந்த பெருமையும் இருளும் தெளிவின்மையும் நம்மைத் திகைக்கச் செய்யும் என்றார். மிகச் சிறியதும் ஒரு வகையில் அப்படியே என்றும் சேர்த்துக்கொண்டார். மருட்கை, அதாவது வியப்பு, பிறப்பது புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்ற நான்கால் என்று தொல்காப்பியம் கூறுவதை அதன் அருகில் வைத்துப் பாருங்கள். முற்றத்தில் விழுந்த அந்தத் தலைக்கவசம் முழுக்க முழுக்க மருட்கை.

மட்டக்களப்பு மாணவன் எழுதியது:

அக்கா, உங்கள் மூன்றாவது கேள்விக்கு என் மறுமொழி 'இல்லை' என்பதே. பரணியிலும் அம்மையார் பாடலிலும் பேய் நிறைந்திருக்கிறது. ஆனால் அது மறைந்திருக்கவில்லை. திருவாலங்காட்டில் ஈசன் ஆடும் சுடுகாட்டைப் பாடும் அம்மையார் பேயைக் கண்டு அஞ்சவில்லை. தாமே பேயுரு வேண்டிப் பெற்றவர் அவர். பொலன்னறுவையில் கிடைத்த அவருடைய செப்புத் திருமேனியில், எலும்பு தெரியும் மார்போடும் வற்றிய முகத்தோடும் தாளம் ஏந்தி அமர்ந்திருக்கிறார். அந்த முகத்தில் அச்சமில்லை, ஆனந்தம்தான் இருக்கிறது. செயங்கொண்டாரின் பேய்களோ பசியோடு காத்திருந்து, போர்க்களத்தில் கூழ் அட்டு உண்டு களிக்கின்றன.

மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டக் காதையே கோதிக்குக்கு மிக நெருங்கி வருவது. சார்ங்கலன் என்ற சிறுவன் தனியே அங்கு நுழைந்து, ஒரு பேய்மகள் பெண்பிணத்தின் தலையைக் கையில் ஏந்தி ஆடுவதைக் காண்கிறான். அலறிக்கொண்டு ஓடித் தாய் கோதமையிடம் சொல்லிவிட்டு உயிர்விடுகிறான். படிக்கும்போது உடல் சிலிர்க்கிறது. ஆயினும் அது சுடுகாடு என்பதை ஊரே அறியும். 'சுடுவோர் இடுவோர் தொடுகுழிப் படுப்போர், தாழ்வயின் அடைப்போர் தாழியிற் கவிப்போர்' என்று அங்கே நடப்பதைச் சாத்தனார் ஒளிவில்லாமல் எண்ணிச் சொல்கிறார். நம் மரபில் பேயின் இடம் ஊருக்கு வெளியே. கோதிக்கில் அது வீட்டுக்கு உள்ளே, குடும்பப் படங்கள் தொங்கும் சுவருக்குப் பின்னால்.

வினையிலும் ஒரு வேறுபாடு உண்டு. 'ஊழ்வினை உருத்துவந்து ஊட்டும்' என்று இளங்கோவடிகள் சொல்லும்போது, கோவலனைத் தொடர்வது முற்பிறப்பில் அவனே செய்த வினை. ஒட்ரான்டோவில் பேரன் அனுபவிப்பது பாட்டன் செய்த வினையை. அங்கே மறுபிறப்பு இல்லாததால், வினை சொத்தின் வழியே வந்து சேர்கிறது.

வெள்ளவத்தை வாசகி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தம்பி கடைசியாக எழுதியது என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. எங்கள் அம்மம்மாவின் சீதன வீட்டு உறுதிகள் இரும்புப் பெட்டியில் இருக்கும். அந்தப் பெட்டி இருந்த அறைக்குள் சிறுவர்களாகிய நாங்கள் போகக்கூடாது. அங்கே முனி இருக்கிறது என்றார்கள். பின்னாளில்தான், அந்த வீட்டின் ஒரு பங்கைக் குறித்து இரண்டு குடும்பங்கள் பேச்சுவார்த்தையின்றி இருந்தன என்பது தெரிந்தது.

ஒரு கேள்வி மிஞ்சியிருக்கிறது. கோட்டையே இல்லாத பிரான்கன்ஸ்டைனை இந்த மரபில் எப்படிச் சேர்ப்பது?

கொட்டாஞ்சேனை ஆசிரியர் எழுதியது:

உங்கள் அம்மம்மாவின் பெட்டியையே உரையின் தொடக்கமாக வையுங்கள் தங்கை.

பிரான்கன்ஸ்டைனைப் பொறுத்தவரை, 1815இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்துப் பரவிய தூசியால் அடுத்த ஆண்டு ஐரோப்பாவுக்குக் கோடையே வரவில்லை. ஜெனீவா ஏரிக்கரை வீடொன்றில் மழைக்கு ஒதுங்கியிருந்த கவிஞர் பைரன், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்றார். அந்தப் பேச்சிலிருந்து, பதினெட்டு வயதான மேரி ஷெல்லியின் நாவல் உருவாகி 1818இல் வெளிவந்தது. அதில் பாட்டனின் குற்றமில்லை. படைத்தவன் தன் படைப்பைக் கைவிட்ட குற்றம் உண்டு. கைவிடப்பட்டது திரும்பி வந்து, அவனுடைய திருமண இரவில், மணமகள் இருக்கும் அறைக்குள் நுழைகிறது. 1839இல் அஷர் மாளிகையின் வீழ்ச்சியை எழுதிய எட்கர் ஆலன் போ, வீடும் குலமும் ஒரே பெயரில், ஒரே இரவில் இடிந்து விழும்படி செய்தார். நீங்கள் குறிப்பிட்ட ஜேன் ஐயர் வந்தது 1847இல். மாடியில் அடைக்கப்பட்ட பெர்த்தா ஜமெய்க்காவிலிருந்து பெரும் சீதனத்தோடு கொண்டுவரப்பட்டவள். அவள் கொண்டுவந்த பணம் கீழ்த்தளத்திலும் அவள் மேல்மாடியிலும் இருக்கிறார்கள் என்பதை உங்கள் வட்டத்தில் எடுத்துச் சொன்னால், பேய் எங்கே என்று எவரும் கேட்கமாட்டார்கள்.

வெள்ளவத்தை வாசகி எழுதியது:

அழைப்பிதழுக்கு 'பூட்டிய அறை: கோதிக் இலக்கியம் பற்றி ஓர் உரை' என்று எழுதி அனுப்பிவிட்டேன், ஐயா. வுல்வெண்டாலைச் சொன்ன நண்பரும் வருகிறார். உரைக்கு முந்திய ஞாயிறு அவரையும் அழைத்துக்கொண்டு அந்தக் கற்களைப் பார்க்கப் போகிறோம்.