புது புரொப்பெல்லர் மாட்டியதிலிருந்து ஆர்பிஎம் ஏறவில்லை, கரும்புகை வருகிறது

நாகை விசைப்படகு:
வணக்கம். அப்பாவின் படகை இரண்டு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இரும்புப் படகு, மொத்த நீளம் 16 மீட்டர், தண்ணீரில் படியும் நீளம் 14.5 மீட்டர். 200 குதிரைத்திறன் டர்போ இஞ்சின், 1800 ஆர்பிஎம், கியர் 4:1. இழுவை மடித் தொழில், அதாவது மடிவலையைப் படகால் இழுத்து மீன் பிடிப்பது. ஒரு தங்கலுக்கு எட்டு முதல் பத்து நாள் கடலில் இருப்போம்.

தடைக்காலத்தில் படகைக் கரையேற்றி, அடியில் ஒட்டிய கொட்டலசுச் சிப்பிகளைச் சுரண்டி, அடியில் பெயின்ட் அடித்தோம். பழைய புரொப்பெல்லர் 44 அங்குலம், பிட்ச் 30, நாலு இலை. போன வருடம் கடலடிப் பாறையான பாரில் தட்டி ஓர் இலையின் நுனி போய்விட்டது. அதிலிருந்து படகு அதிர்ந்துகொண்டே இருந்தது. புதிதாக வார்க்கக் கொடுத்த இடத்தில், "பிட்ச் 32 போடுங்கள், ஸ்பீடு கூடும்" என்றார்கள். சரி என்று போட்டோம்.

ஜூன் 15 அன்று கடலுக்குப் போனதிலிருந்து நிம்மதி இல்லை. மடி போடாமல் சும்மா ஓடும்போது 1800 வரை ஏறிய இஞ்சின் இப்போது 1640-ஐத் தாண்டவில்லை. 8.9 நாட் ஓடியது 8.5 ஆகிவிட்டது. மடி இழுக்கும்போது 1400-க்கு இறங்கி, குழாயில் கரும்புகை தள்ளுகிறது. முதல் தங்கலிலேயே 300 லிட்டர் டீசல் கூடுதல். ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் மாற்றியாயிற்று. இன்ஜெக்டரையும் சோதித்துவிட்டோம். ஊர் மெக்கானிக் டீசல் பம்ப்பைக் கழற்ற வேண்டும் என்கிறார். மாமாவோ பெரிய இஞ்சினே வைத்துவிடலாம் என்கிறார். இரண்டுக்கும் செலவு பெரிது. யாராவது வழி சொல்லுங்கள்.

டீசல் மெக்கானிக், தூத்துக்குடி:
தம்பி, பம்ப்பில் கை வைக்க வேண்டாம். டீசல் போதாமல் ஆர்பிஎம் விழுந்தால் கரும்புகை வராது, இஞ்சின் சும்மா தொய்ந்துபோகும். கரும்புகை என்றால் டீசல் தாராளமாகப் போகிறது, அதை எரிக்கக் காற்று பற்றவில்லை என்று அர்த்தம். ஒன்று காற்று குறைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் இஞ்சினின் கழுத்தில் சுமை கூடியிருக்க வேண்டும்.

டர்போவிலிருந்து இஞ்சினுக்கு வரும் ரப்பர் ஹோஸில் கிளிப் தளர்ந்திருக்கிறதா, கரி படிந்த கோடு தெரிகிறதா என்று பாருங்கள். அப்புறம் நியூட்ரலில் வைத்து த்ராட்டிலை முழுதாகத் தள்ளுங்கள். 1900-க்கு மேல் போனால் கேபிளும், ஆர்பிஎம்மைக் கட்டுப்படுத்தும் கவர்னரும் ஒழுங்காக இருக்கின்றன. இஞ்சினை நிறுத்தி ஷாஃப்டைக் கையால் சுற்றியும் பாருங்கள். கரையேற்றி இறக்கிய படகில், ஷாஃப்ட் வழியே தண்ணீர் வராமல் அடைக்கும் கிளாண்டை இறுக்கிப் பூட்டிவிடுவது அடிக்கடி நடக்கும்.

அதுவரைக்கும் 1400-இல் முழு த்ராட்டில் வைத்து மடி இழுக்காதீர்கள். புகை நிற்கும் அளவுக்கு த்ராட்டிலைக் குறையுங்கள், இழுவை மெதுவானாலும் பரவாயில்லை. இப்படியே ஓட்டினால் ஒரு சீசனுக்குள் ஹெட் வெடிக்கும், வால்வு கருகும். நான் பார்த்து வருத்தப்பட்ட இஞ்சின்கள் நிறைய.

நாகை விசைப்படகு:
அண்ணே, உடனே பார்த்தேன். ஹோஸ் சுத்தமாக இருக்கிறது. நியூட்ரலில் 1950 போகிறது. ஷாஃப்ட் கையிலேயே லேசாகச் சுற்றுகிறது.

ஏரா:
அப்படியென்றால் இஞ்சின் நல்ல இஞ்சின். சந்தேகம் புரொப்பெல்லர் மேல்தான். நான் கப்பல் வடிவமைப்புத் தொழிலில் இருப்பவன், கொஞ்சம் கணக்கோடு சொல்கிறேன்.

பிட்ச் என்பது புரொப்பெல்லர் ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய தூரம், மரையாணி மரத்தில் இறங்குவது மாதிரி. பழையது 30 அங்குலம், அதாவது 0.762 மீட்டர். 1800-ஐ 4-ஆல் வகுத்தால் ஷாஃப்ட் 450 சுற்று. ஒரு மணிக்கு 20,574 மீட்டர், 1852-ஆல் வகுத்தால் 11.1 நாட். உங்கள் படகு 8.9 ஓடியது. நீர் வழுக்கியதில் போனது 20 சதவீதம். இழுவைப் படகுக்கு அது நல்ல நிலை.

பிட்சைக் கூட்டினால் ஒவ்வொரு சுற்றுக்கும் அதிக நீரைத் தள்ள வேண்டும், இஞ்சினுக்கு முறுக்கு அதிகம் தேவைப்படும். இஞ்சின் தன் உச்ச முறுக்கைக் கொடுத்து முடித்த இடத்தில் ஆர்பிஎம் நின்றுவிடும். குதிரைத்திறன் என்பது முறுக்கும் ஆர்பிஎம்மும் பெருக்கியது. ஆகவே ஆர்பிஎம் பத்து சதவீதம் விழுந்தால் உங்கள் 200 குதிரை 180 ஆகிவிடும். ஸ்பீடு கூடாமல் குறைந்தது அதனால்தான்.

மடி இழுக்கும்போது நிலைமை இன்னும் மோசம். படகு மூன்று நாட் வேகத்தில் நகர, புரொப்பெல்லர் கிட்டத்தட்ட நின்ற நீரில் சுற்றுவது மாதிரி ஆகிவிடும். இலைகள் நீரைச் சந்திக்கும் கோணம் செங்குத்தாகிச் சுமை ஏறும். சும்மா ஓடும்போது இரண்டு மூன்று அங்குலம் பொறுத்துக்கொள்ளும் படகுகூட மடி போட்டதும் திணறிவிடும். இழுவைப் படகின் புரொப்பெல்லரை மடி இழுக்கும் நேரத்தை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆனால் ஒன்று இடிக்கிறது. 30-லிருந்து 32 என்றால் ஆர்பிஎம் 1700-க்குப் பக்கத்தில்தான் நிற்க வேண்டும். உங்களுக்கு 1640. அந்த 32 உண்மையில் 32 தானா?

நாகை விசைப்படகு:
புரொப்பெல்லரின் நடுப்பகுதியான ஹப்பில் எதுவும் பொறிக்கவில்லை ஐயா. அவர்கள் சொன்னதுதான் கணக்கு. நாமே அளக்க முடியுமா? மாமா சொல்லும் பெரிய இஞ்சின் பற்றியும் சொல்லுங்கள்.

ஏரா:
தாராளமாக அளக்கலாம். கழற்றி, சமமான சிமென்ட் தரையில் ஹப் கீழே உட்காரும்படி கிடத்துங்கள். நடு மையத்திலிருந்து 15.4 அங்குலத்தில் (22 அங்குல ஆரத்தில் 70 சதவீதம்) ஒவ்வோர் இலையிலும் சாக்பீஸால் கோடு போடுங்கள். அந்தக் கோட்டில் இலையின் இரண்டு ஓரங்களும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, வித்தியாசத்தைக் குறியுங்கள். ஒவ்வோர் ஓரத்திலிருந்தும் நூல்குண்டு விட்டுத் தரையில் புள்ளி வைத்து, வட்டத்தின் வழியே அவற்றுக்கு இடைப்பட்ட தூரத்தை அளவுநாடாவை வளைத்து அளந்துகொள்ளுங்கள். உயர வித்தியாசத்தை அந்தத் தூரத்தால் வகுத்து 96.8-ஆல் பெருக்கினால் பிட்ச் வந்துவிடும். 96.8 என்பது அந்த வட்டத்தின் சுற்றளவு. நாலு இலையையும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

பெரிய இஞ்சின் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. படகு ஓடும்போது முன்பக்கமான அணியத்தில் ஓர் அலை எழும், பின்பக்கமான அமரத்தில் ஓர் அலை எழும். வேகம் கூடக் கூட இந்த அலை நீண்டுகொண்டே போய், ஒரு கட்டத்தில் படகின் நீளத்துக்குச் சமமாகிவிடும். அதற்கு மேல் படகு தன் அலையின் சரிவிலேயே ஏற வேண்டும். தண்ணீரில் படியும் 14.5 மீட்டர் நீளத்துக்கு அந்த வேகம் 9.25 நாட். நீங்கள் 8.9-இல் ஏற்கெனவே அந்த மேட்டின் அடிவாரத்தில் நிற்கிறீர்கள். இன்னும் நூறு குதிரை சேர்த்தாலும் கிடைப்பது அரை நாட்டோ கொஞ்சம் கூடவோதான், டீசல் மட்டும் தலைக்கு மேல் போகும். 1870-களில் இங்கிலாந்தில் வில்லியம் ஃப்ரூட் தொட்டி கட்டி, மாதிரிக் கப்பல்களை இழுத்து அளந்ததிலிருந்து தெரிந்த விஷயம் இது. இன்றைக்கும் இஞ்சின் விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை என்பது எனக்கு வருத்தம்.

கோடியக்கரை:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். விட்டத்தை ஓர் அங்குலம் வெட்டினால் சுமை குறையும் என்று எங்கள் பக்கம் செய்வார்கள். கழற்றி வேறு மாட்டுவதைவிட அது மலிவு இல்லையா?

ஏரா:
சுமை குறையும், மறுக்கவில்லை. முறுக்கு விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் போகும், 44-ஐ 43 ஆக்கினாலே சுமார் 11 சதவீதம் இறங்கிவிடும். ஆனால் மெதுவாக இழுக்கும்போது தள்ளுவிசையைக் கொடுப்பது விட்டம்தான். மடி இழுப்பவர் விட்டத்தை வெட்டினால் சோற்றுப் பானையில் கை வைத்த மாதிரி. விட்டம் அப்படியே இருக்கட்டும், பிட்சைக் குறையுங்கள். பழைய புரொப்பெல்லரை விற்றுவிடவில்லையே?

நாகை விசைப்படகு:
விற்கவில்லை, வீட்டுப் பின்னால் கிடக்கிறது.

(பன்னிரண்டு நாள் கழித்து)

நாகை விசைப்படகு:
எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு வேறு யாருக்காவது உதவும்.

புதியதைக் கழற்றித் தரையில் கிடத்தி அளந்தோம். ஓர் இலையில் உயர வித்தியாசம் 4.9 அங்குலம், தூரம் 14. கணக்குப் போட்டால் 33.9! இரண்டு இலை கிட்டத்தட்ட 34, ஒன்று 33.5, இன்னொன்று 34.5. எங்களுக்குச் சொன்னது 32. பழையதை அளந்தால் நுனி போன இலை உட்பட நாலும் 30-ஐ ஒட்டியே வந்தது. வார்த்த இடத்தில் காட்டினேன். அவர்களும் அளந்து பார்த்துவிட்டு, அச்சில் தவறு என்று ஒப்புக்கொண்டார்கள். பழையதன் நுனியைப் பற்றவைத்துச் சமன்செய்து தந்தார்கள், கூலி வாங்கவில்லை.

பழையதையே மாட்டி நேற்று சோதனை ஓட்டம். ஜிபிஎஸ் வேகத்தை நீவாடு (கடல் நீரோட்டம்) ஏமாற்றும் என்று மெக்கானிக் அண்ணன் போனில் சொன்னார். அதனால் ஒரே பாதையில் போய்த் திரும்பி, இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தோம். 1790 ஆர்பிஎம், 8.8 நாட், அதிர்வு இல்லை. மடி போட்டு இழுத்தபோது 1690. குழாயில் லேசான சாம்பல் நிறம் தவிர ஒன்றும் இல்லை. அப்பா அமரத்தில் உட்கார்ந்து ரொம்ப நேரம் புகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமா இன்னும் பெரிய இஞ்சின் பேச்சை விடவில்லை. உங்கள் 9.25 கணக்கைக் காட்டப் போகிறேன்.

டீசல் மெக்கானிக், தூத்துக்குடி:
ரொம்ப சந்தோஷம் தம்பி. ஒரு தங்கல் போய்விட்டு வந்ததும் ஆயில் மாற்றிவிடுங்கள். கரும்புகையோடு ஓடிய நாட்களில் ஆயிலில் கரி கலந்திருக்கும். வால்வு இடைவெளியையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

ஏரா:
ஹப்பில் 44 × 30 என்று உளியால் பொறித்துவையுங்கள். அடுத்த தடைக்காலத்தில் வார்க்கக் கொடுத்தால், அளந்து பார்த்த பிறகு காசு கொடுங்கள்.