தொலை அணுகலா, தொலையியக்கமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

வீட்டுக் கணினியைக் கைப்பேசியிலிருந்து கையாளும் வசதிக்குத் தமிழில் "தொலை அணுகல்" (remote access) என்ற சொல்லே போதும் என்கிறார்கள் சிலர். எனக்கு அது போதவில்லை. அணுகல் என்றால் கிட்டப் போவது. கோப்பொன்றை எடுத்துப் பார்க்க அச்சொல் சரி. இங்கே கணினியின் திரையே கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. விரலால் ஒருமுறை தட்டினால் அங்கே சுட்டியின் இடச்சொடுக்கு (left click) விழுகிறது. அழுத்திப் பிடித்தால் சில செயலிகளில் வலச்சொடுக்கு. பார்ப்பதோடு நிற்காமல் ஓட்டவும் செய்கிறோம். ஆகவே என் பரிந்துரை "தொலையியக்கம்".

வினையாக வளைந்து கொடுப்பது இதன் பலம். பொத்தானில் "தொலையியக்கு" என்று போடலாம். "தொலையியக்கம் துண்டிக்கப்பட்டது" என்று பிழைச்செய்தி எழுதலாம். அதைவிட முக்கியம் அனுமதி கேட்கும் பெட்டி. "உங்கள் கணினியை இவர் அணுகலாமா?" என்றால் பலர் யோசிக்காமல் சரி என்று அழுத்திவிடுவார்கள், மோசடிக்காரர்களுக்கு வேண்டியதும் அதுதான். "இவர் தொலையியக்கலாமா?" என்று கேட்டால் கை கொஞ்சம் தயங்கும்.

தொலைக்காட்சி ரிமோட்டையும் தொலையியக்கி என்கிறோமே, குழம்பாதா? குழம்பாது என்றே நினைக்கிறேன். வேலை ஒன்றுதான், பொருளைச் சூழல் பிரித்துக் காட்டிவிடும். "தொலை" என்றாலே "தொலைந்து போ" நினைவுக்கு வருகிறது என்பது பழைய வம்பு. தொலைபேசி வந்தபோதே அது தீர்ந்துவிட்டது.

தொலை அணுகலைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அது பொதுச்சொல்லாக இருக்கட்டும். 1995இல் வந்த எஸ்எஸ்எச் (SSH) என்ற பாதுகாப்பான இணைப்பு முறை வழியாக வெறும் கட்டளைகளைத் தட்டுவதும், கோப்பை மட்டும் இறக்கிக்கொள்வதும் அதற்குள் அடங்கும். விஎன்சி (VNC), ஆர்டிபி (RDP) ஆகிய இணைப்பு முறைகளைப் போலத் திரையோடு வருவது மட்டும் தொலையியக்கம்.

இரண்டு முனைகளுக்கும் பெயர் வேண்டும். இங்கேதான் சிக்கல். வழங்கி (server), வாங்கி (client) என்று எழுதினால் பயனர் திணறுவார். விஎன்சியில் திரையை அனுப்பும் வீட்டுக் கணினி வழங்கி. லினக்ஸ் போன்றவற்றில் திரையைக் காட்டப் பயன்படும் எக்ஸ் சாளர முறையிலோ (X Window System) திரையும் விசைப்பலகையும் நம் முன்னால் இருக்கும் பக்கம்தான் வழங்கி. எங்கோ ஓடும் நிரல் வாங்கி. தலைகீழ்! இயக்குமுனை, இயங்குமுனை என்று முதலில் எண்ணினேன். இலக்கணப்படி அழகுதான், ஆனால் ஓரெழுத்து வேறுபாடு சிறிய திரையில் கண்ணுக்குத் தப்பும். அதனால் கையில் இருப்பது "கைமுனை", எட்ட இருப்பது "தொலைமுனை". "தொலைமுனை உறக்கத்தில் உள்ளது" என்ற செய்தி யாருக்கும் புரியும்.

உறங்கும் கணினியை எழுப்ப அனுப்பும் தரவுக்கு "மாயப் பொதி" (magic packet) என்று ஒரு முன்மொழிவு. அதில் மாயம் ஒன்றுமில்லை: முழுக்க ஒன்றுகளாலான ஆறு பைட்டுகள், அடுத்து அந்தக் கணினியின் பிணைய அட்டை முகவரி (MAC address, ஆறு பைட்டுகள்) 16 தடவை. மொத்தம் 102 பைட்டுகள். "எழுப்பு பொதி" என்றாலே வேலை தெரிந்துவிடும். பொதுவாக இது வீட்டின் உள்வலையை (local network) தாண்டாது. வெளியே இருக்கும் கைமுனைக்காக வீட்டிலேயே விழித்திருக்கும் திசைவியோ (router) வேறொரு கருவியோ இதை அனுப்ப வேண்டும். அந்த இடையாளுக்கு நல்ல பெயர் எனக்கு இன்னும் சிக்கவில்லை. "எழுப்பி" என்று வைக்கலாமா?