பயிற்சித் தொகுப்பில் கூகுள் படம்: எடுத்தவர் கேட்கிறார், என்ன பதில் போடுவது?

பட்டர்வொர்த் டீச்சர்:
வணக்கம். மலேசியாவில் ஒரு தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டுக்குத் தமிழ்மொழி போதிக்கிறேன். என் வகுப்புக்காக 40 பக்கத்தில் ஒரு பயிற்சித் தொகுப்பு செய்தேன். படமெல்லாம் கூகுளில் தேடி எடுத்தது. வகுப்போடு இருந்தவரை பிரச்சினை இல்லை. ஆசிரியர்கள் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் கேட்டார்கள் என்று பிடிஎஃப் போட்டேன். அது எங்கெங்கோ சுற்றி முகநூலிலும் ஏறிவிட்டது. இப்போது பெற்றோர் ஆசிரியர் சங்கம் இதை அச்சடித்து 8 வெள்ளிக்கு (ரிங்கிட்) விற்று நிதி திரட்டலாம் என்கிறது.

இந்த நேரம் பார்த்து ஒருவர் செய்தி அனுப்பியிருக்கிறார். 17ஆம் பக்கத்தில் “படத்தைப் பார்த்து 5 வாக்கியம் எழுதுக” என்று போட்ட தைப்பூசப் படம் அவர் எடுத்ததாம். பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில், ரதத்துக்கு முன்னால் தேங்காய் உடைக்கும் படம். திறந்து பார்த்தேன். வலது மூலையில் வெள்ளை எழுத்தில் அவர் பெயர் பாதி வெட்டுப்பட்டு நிற்கிறது. கட்டத்துக்குள் அடக்க நானே ஓரத்தை வெட்டியிருக்கிறேன். வயிற்றைக் கலக்குகிறது. “படிப்புக்குத்தானே ஐயா” என்று பதில் போடலாமா? தலைமையாசிரியரிடம் இன்னும் சொல்லவில்லை.

செந்தூல் சிவா:
பயப்படாதீங்க டீச்சர். கல்விக்குச் சட்டத்திலேயே விலக்கு இருக்கு. 10 விழுக்காட்டுக்குள் எடுத்தால் யாரும் கேட்க முடியாது. கீழே “நன்றி: கூகுள்” என்று போட்டுவிடுங்க, முடிந்தது கதை.

பிரிக்பீல்ட்ஸ் அச்சுக்காரன்:
சிவா அண்ணே, விலக்கு இருப்பது உண்மை. மற்ற இரண்டும் தப்பு. நம் நாட்டின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், 13ஆம் பிரிவைப் படித்துப் பாருங்க. விழுக்காட்டுக் கணக்கே அதில் கிடையாது. தேங்காய்ப் படத்தில் 10 விழுக்காடு என்றால் தேங்காயை மட்டும் வெட்டி எடுப்பதா?

அங்கே பார்ப்பது நான்கு விஷயம்: எதற்காகப் பயன்படுத்தினீர்கள் (விற்பனையா, லாபமில்லாத கல்வியா), அது எப்படிப்பட்ட படைப்பு, எவ்வளவு எடுத்தீர்கள், எடுத்ததால் படைத்தவரின் சந்தை பாதிக்குமா. பாடத்தை விளக்க ஒரு படைப்பைச் சேர்க்க இடமுண்டு. ஆனால் பயன்பாடு நியாயமாக இருக்கணும், எங்கிருந்து எடுத்தது என்பதையும் படைத்தவர் பெயரையும் சொல்லணும். கூகுள் படைத்தவர் இல்லை, தேடிக் கொடுத்தவர். அவருக்கு நன்றி சொல்லி என்ன பயன்?

டீச்சர், உங்கள் நிலைமை படிப்படியாக மாறியதைப் பாருங்க. வகுப்பில் 30 பிள்ளைகளுக்குக் கொடுத்தபோது பெயர் போட்டிருந்தால் உங்கள் பக்கம் பேச நிறைய இருந்தது. முகநூலில் ஏறியதும் அது குறைந்தது. 8 வெள்ளிக்கு விற்றால் ஏறக்குறைய ஒன்றுமே மிஞ்சாது. நிதி பள்ளிக்கே போனாலும் விற்பனை விற்பனைதான். பெயரை வேறு வெட்டியிருக்கிறீர்கள். “படிப்புக்குத்தானே” என்று மட்டும் எழுதிவிடாதீங்க, அவர் கோபம்தான் ஏறும். வெட்டியதை ஒப்புக்கொண்டு, பிடிஎஃப்பை இறக்கிவிட்டு, பிறகு அனுமதி கேளுங்க. தலைமையாசிரியரிடம் இன்றே சொல்லுங்க. அவர் வேறு யார் வாயிலாவது கேட்கக் கூடாது.

பட்டர்வொர்த் டீச்சர்:
சரி, குழுவிலிருந்து எடுத்துவிட்டேன். முகநூலில் போட்டவரிடமும் சொல்லியாச்சு. இன்னும் மூன்று சந்தேகம். பினாங்கு ஆர்மேனியன் தெருச் சுவரோவியத்தை நானே கைப்பேசியில் எடுத்துச் சேர்த்திருக்கிறேன். பாரதியார், பாரதிதாசன் பாடல்கள் உண்டு. உள்ளூர் எழுத்தாளர் ஒருவரின் சிறுகதையை முழுசாகத் தட்டச்சு செய்து போட்டிருக்கிறேன், நாலு பக்கம்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
அம்மா, சுவரோவியத்துக்குக் கவலை வேண்டாம். பொதுமக்கள் பார்க்கும் இடத்தில் நிரந்தரமாக இருக்கும் கலைப்படைப்பைப் படியெடுக்க அதே 13ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. ஆனால் அந்தச் சுவரை வேறொருவர் எடுத்த படம் என்றால் அந்தப் படம் அவருடையது. நீயே எடுத்தது நல்லதாகப் போயிற்று.

பாடலுக்கு இங்கே கணக்கு, ஆசிரியர் மறைந்து 50 ஆண்டு. பாரதியார் 1921இல் போனவர். பாரதிதாசன் 1964, ஆக 2014 முடிவோடு உரிமை தீர்ந்தது. கண்ணதாசன் கவிதையை முழுசாகப் போடும் ஆசை இருந்தால் பொறு, அவர் மறைந்தது 1981இல். சிறுகதைதான் உன் தொகுப்பிலேயே பெரிய ஓட்டை. எழுத்தாளர் உயிரோடு இருக்கிறார், முழுக்கதையும் எடுத்திருக்கிறாய், கேட்கவும் இல்லை. ஒரு போன் போடு. நம் ஊர் எழுத்தாளர்கள் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்றால் பெரும்பாலும் மகிழ்ச்சியாகச் சரி என்பார்கள். கேட்காமல் எடுத்தால்தான் மனம் நோகும்.

பிரிக்பீல்ட்ஸ் அச்சுக்காரன்:
மற்ற படங்களுக்கு: ஒவ்வொன்றையும் டின்ஐ (TinEye) என்ற, படத்தைக் கொடுத்து அது எங்கெங்கே இருக்கிறது என்று தேடும் தளத்தில் ஏற்றி, பழையது முதலில் வரும்படி அடுக்கிப் பாருங்க. முதலில் போட்டவரைத் தேடிப் பிடிக்க அது உதவும். மாற்றுப் படம் வேண்டுமென்றால் விக்கிமீடியா காமன்ஸ் என்ற பொதுப் படக் களஞ்சியம் இருக்கு. கூகுளிலேயே படத் தேடலில் கருவிகளைத் திறந்தால் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் (சில நிபந்தனைகளோடு பயன்படுத்தப் படைத்தவரே முன்கூட்டித் தரும் அனுமதி) உள்ளதை மட்டும் காட்டச் சொல்லலாம். ஆனால் உரிமத்தில் “வணிக நோக்கமற்றது” என்று இருந்தால் 8 வெள்ளி நூலில் போடாதீங்க. பலர் சறுக்குவது இங்கேதான்.

பட்டர்வொர்த் டீச்சர்:
இரண்டு வாரம் ஆகிவிட்டது, நிலவரம் சொல்கிறேன். படக்காரர் நல்ல மனிதர். அதிகாலை 4 மணிக்கு ரதத்துக்காகக் காத்திருந்து எடுத்த படமாம். மூலையை வெட்டியதுதான் வருத்தம் என்றார். வகுப்புக்குப் பெயரோடு இலவசம், அச்சு நூலுக்கு 50 வெள்ளி. சங்கம் கொடுத்துவிட்டது. எழுத்தாளர் காசு வேண்டாம், இரண்டு பிரதி போதும் என்றார். 11 படங்களை என் மாணவர்களே வரைந்து கொடுத்தார்கள். அவர்கள் படத்துக்கும் அனுமதி வேண்டுமா?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
வேண்டும். வரைந்த பிள்ளைக்கே உரிமை. பெற்றோரிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொள், படத்துக்குக் கீழே பெயரையும் போடு.

பட்டர்வொர்த் டீச்சர்:
நாளைக்கே கடிதம் கொடுத்தனுப்புகிறேன். ஆறு படத்துக்கு மூலமே கிடைக்கவில்லை, எடுத்துவிட்டேன். இப்போது 36 பக்கம்தான் வருகிறது.

பிரிக்பீல்ட்ஸ் அச்சுக்காரன்:
36 நல்ல கணக்கு, நாலால் வகுபடும், நடுவில் கம்பி ஊசி (ஸ்டேப்பிள்) போட வசதி. எழுத்துரு என்ன போட்டீங்க? யாரோ அனுப்பியது என்றால் அதற்கும் உரிமம் பார்க்கணும். நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற இலவச எழுத்துரு என்றால் அச்சுக்கும் விற்பனைக்கும் தடையில்லை. பிடிஎஃப்பில் எழுத்துருவைச் சேர்த்தே அனுப்புங்க, இல்லாவிட்டால் கொம்பெல்லாம் தனியாகப் போய் நிற்கும்.