கீமோ நாட்களில் அம்மாவுக்குத் தூக்கமே இல்லை

செங்கோட்டையில் இருக்கிறோம். அம்மாவுக்கு 58 வயது, மார்பகப் புற்றுநோய். 21 நாளுக்கு ஒருமுறை திருவனந்தபுரம் போய் டோசிடாக்சல் என்ற கீமோ மருந்து ஏற்றுகிறோம். 3 முறை முடிந்தது.

ஊசிக்கு முந்தின நாளிலிருந்து 3 நாள், டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை 8 மில்லிகிராம் காலையும் இரவும். அந்த நாட்களிலும், அப்புறம் இரண்டு நாளும் கண் மூடுவதே இல்லை. ராத்திரி 2 மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்து, புளியரை பக்கம் போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். முகம் சிவந்து, உள்ளங்கை சுடும். விரல் நுனி மரத்துப்போய் சேலைக் கொசுவம்கூடப் பிடிபடவில்லை. பார்க்கவே மனசு தாங்கவில்லை.

மதியத்துக்குப் பிறகு காபி, டீ கிடையாது. பகல் தூக்கத்தையும் நிறுத்தினோம். வெதுவெதுப்பான பால், வெந்நீரில் கால் வைப்பது எல்லாம் பார்த்தாச்சு. வாய்ப்புண் மட்டும் உப்பும் சோடா உப்பும் கலந்து கொப்பளித்ததில் குறைந்தது. தூக்க மாத்திரை நாங்களாகக் கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டோம்.

ஸ்டீராய்டு தூக்கத்தைக் கெடுக்கும் என்று நர்ஸ் சொன்னார். அடுத்த வியாழன் டாக்டரைப் பார்க்கும்போது கேட்கத்தான் இந்தப் பதிவு. டாக்டர் சம்மதத்தோடு இரவு மாத்திரையை மதியத்துக்கு மாற்றியவர்கள் இருக்கிறீர்களா, அதில் தூக்கம் வந்ததா?