பூசணி பேன்கேக் நடுவில் வேகாமல் கொழகொழவென்று நிற்கிறது. என்ன செய்யலாம்?

ஆன் ஆர்பர் அம்மா:
எல்லோருக்கும் வணக்கம். மிச்சிகனில் இலை உதிர ஆரம்பித்துவிட்டது. சனிக்கிழமை காலை மகளின் பள்ளித் தோழிகள் வீட்டுக்கு வருகிறார்கள். பட்டை, ஜாதிக்காய் எல்லாம் போட்ட பூசணி பேன்கேக்தான் வேண்டும் என்கிறாள். டின்னில் வரும் பூசணி விழுதை வழக்கமான பேன்கேக் மாவில் கலந்து சுட்டால், மேலே கருகப் பார்க்கிறது, உள்ளே ஈரம் போகவில்லை. மைதாவைக் கூட்டினால் தடித்துப் போகிறது. வாசலில் அலங்காரத்துக்கு வாங்கிய பெரிய ஆரஞ்சுப் பூசணி வெட்டாமல் இருக்கிறது, அதைப் போடலாமா? வரும் பிள்ளைகளில் ஒருத்தி முட்டை சாப்பிடமாட்டாள். என்னிடம் இருப்பது இரும்பு தோசைக்கல்.

இல்லினாய் அக்கா:
முதலில் அந்த வாசல் பூசணியை விட்டுவிடுங்கள். முகம் செதுக்குவதற்கென்று வளர்க்கிற ரகம் அது. நாரும் தண்ணீரும்தான் அதிகம், ருசி குறைவு.

நான் இருப்பது பியோரியாவில். ஆற்றைத் தாண்டினால் மார்ட்டன் ஊர். லிப்பீஸ் டின் பூசணி அங்குள்ள ஆலையில்தான் அடைபடுகிறது. செப்டம்பரில் பூசணித் திருவிழாவும் உண்டு. அந்தப் பக்கத்து வயல்களில் ஆலைக்காக விளைவது டிக்கின்சன் என்ற ரகம். ஆரஞ்சு நிறத் தோலே கிடையாது. வெளிர் பழுப்பில், கொஞ்சம் நீண்டு, பட்டர்நட் ஸ்குவாஷ் என்று கடையில் விற்கிற சின்னப் பூசணியின் பெரிய அண்ணன் போல இருக்கும். நம் ஊர்ப் பரங்கியும் அதே இனம்தான். அதனால் டின்னைக் குறைவாக நினைக்க வேண்டாம். பூசணி மட்டும் உள்ள டின்னா என்று பார்த்து வாங்குங்கள். பக்கத்திலேயே 'பை ஃபில்லிங்' என்று எழுதிய டின் இருக்கும், அதில் சர்க்கரையும் மசாலாவும் முன்பே கலந்திருக்கும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். தொந்தரவு மாவில் இல்லை, விழுதில் இருக்கும் தண்ணீரில் இருக்கிறது. 425 கிராம் டின்னை அப்படியே அடி கனமான வாணலியில் கொட்டி, மிதமான தீயில் கிளறுங்கள். முதலில் சலசலவென்று தெறிக்கும், பார்த்து நில்லுங்கள். கொஞ்ச நேரத்தில் தெறிப்பது அடங்கும், நிறம் இருண்டு செங்கல் பக்கம் போகும், டின்னின் பச்சை வாடை மறைந்து இனிப்பு மணம் எழும். கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்தால் அந்தக் கோடு மூடாமல் நிற்க வேண்டும். அதுதான் பதம். நன்றாக ஆறவிடுங்கள்.

அளவு: மைதா 180 கிராம், வற்றிய விழுது 150 கிராம், பட்டர்மில்க் 270 மில்லி, முட்டை 1, நாட்டுச் சர்க்கரை 2 மேசைக்கரண்டி, உருக்கிய வெண்ணெய் 2 மேசைக்கரண்டி, பேக்கிங் பவுடர் ஒன்றரை தேக்கரண்டி, சமையல் சோடா அரை, உப்பு அரை. பட்டைத் தூள் 1 தேக்கரண்டி, சுக்குப் பொடி அரை, ஜாதிக்காய் கால், கிராம்பு ஒரு சிட்டிகை. கிராம்பைக் கூட்டினால் பல்வலி மருந்து வாடை வந்துவிடும். பட்டர்மில்க் இங்கே கெட்டியாக விற்கிறதே, அதைச் சொல்கிறேன். நம் வீட்டு நீர்மோரை ஊற்றினால் மாவு ஓடிவிடும். பட்டர்மில்க் இல்லையென்றால் தயிரில் கொஞ்சம் பால் விட்டு அடித்துக்கொள்ளுங்கள்.

கட்டிகள் இருந்தாலும் பரவாயில்லை, அதிகம் கலக்காதீர்கள். 10 நிமிடம் வையுங்கள். தோசைக்கல் தாராளமாகப் போதும், ஆனால் தோசைக்கு வைக்கிற சூடு கூடாது. தீயைக் குறைத்து, சின்னதாக ஊற்றுங்கள். பூசணி மாவில் மேலே குமிழி அவ்வளவாக உடையாது, அதற்காகக் காத்திருந்தால் அடி கருகும். ஓரத்தின் பளபளப்பு போய் மங்கினால் திருப்பிவிடலாம்.

எடிசன் வாசி:
அக்கா சொன்ன வற்றவைக்கும் முறைதான் சரி. டின் பிடிக்காதவர்கள் பட்டர்நட்டை நீளவாக்கில் பிளந்து, வெட்டிய பக்கம் கீழாக வைத்து, 400 டிகிரி ஃபாரன்ஹீட்டில் முக்கால் மணி நேரம் சுட்டு மசிக்கலாம். எனக்கு அதன் ருசிதான் உயர்த்தி. மசாலாவில் ஜாதிக்காயை மட்டும் முழுதாக வாங்கி அப்போதே துருவுங்கள், தூளாக வாங்கி வைத்ததில் பாதி மணம்கூட இருப்பதில்லை. ஏலக்காய் வேண்டாம். சேர்த்தால் பாயச வாசனை வந்து பூசணி காணாமல் போய்விடும்.

முட்டை வேண்டாத பிள்ளைக்கு: ஆளிவிதைப் பொடி 1 மேசைக்கரண்டியை 3 மேசைக்கரண்டி தண்ணீரில் ஊறவைத்து முட்டைக்குப் பதில் சேருங்கள். பூசணியை 100 கிராமாகக் குறைத்துவிடுங்கள்.

ஆன் ஆர்பர் அம்மா:
மிக்க நன்றி அக்கா, நன்றி அண்ணா. எல்லோருக்கும் முட்டையில்லாமலே செய்துவிடுகிறேன், அந்தப் பிள்ளைக்கு மட்டும் தனித் தட்டு என்று இருக்க வேண்டாம். இன்னொன்று, மாவை வெள்ளி இரவே கலந்து வைக்கலாமா?

இல்லினாய் அக்கா:
நல்ல முடிவு. ஆனால் மாவைக் கலந்து வைக்காதீர்கள். சோடா பட்டர்மில்க்கின் புளிப்போடு சேர்ந்ததுமே பொங்க ஆரம்பிக்கும், காலையில் அந்த வேகம் இருக்காது. விழுதை மட்டும் வெள்ளி இரவு வற்றவைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். பொடிகளையும் மைதாவோடு சலித்துத் தனியாக வைக்கலாம். காலையில் சுட்டதை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் கம்பித் தட்டில் பரப்பி, 200 டிகிரி ஃபாரன்ஹீட் ஓவனில் வைத்தால் பிள்ளைகள் உட்காரும்வரை சூடாக இருக்கும். சிரப் வாங்கும்போது டார்க் என்று போட்ட மேப்பிள் சிரப்பாக எடுங்கள், இந்த மசாலாவுக்கு அதுதான் ஈடு கொடுக்கும்.