பாக் விரிகுடா மாடல்: பாம்பன் கால்வாய் தரையாகிவிட்டது, கட்டத்தை எவ்வளவு குறைக்கலாம்?

காரைக்குடி மாணவன்:
எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்காகப் பாக் விரிகுடாவுக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் நடுவே தண்ணீர் எப்படிப் போய்வருகிறது என்று ரோம்ஸ் என்ற கடல் நீரோட்டக் கணினி மாடலில் ஓட்டிப் பார்க்கிறேன். கடலைச் சதுரங்களாகப் பிரிக்க 4 கிமீ கட்டம் வைத்தேன், ராமேசுவரம் தீவு மண்டபத்தோடு ஒட்டிக்கொண்டது! 500 மீட்டருக்கு இறக்கலாமா? வீட்டில் இருப்பது ஒரே ஒரு 8 கோர் கணினி, அதுவும் கரண்ட் இருக்கும் வரைக்கும்தான்.

தேவகோட்டை அண்ணன்:
தம்பி, இறக்குவதற்கு முன்னால் கணக்குப் போடு. பக்கத்துக்கு 8 மடங்கு, கட்டங்கள் 64 மடங்கு, காலப்படியும் (மாடல் ஒரு தடவைக்கு முன்னேறும் நேரம்) எட்டில் ஒன்றாகச் சுருங்கும், ஆக வேலை 512 மடங்கு. இப்போது ஒரு மணி நேரத்தில் முடிவது மூன்று வாரம் ஓடும். அப்படி ஓட்டினாலும் சுமார் 2 கிமீ அகலமான பாம்பனுக்குக் குறுக்கே நாலு கட்டம்தான் கிடைக்கும், எனக்கு ஏழெட்டாவது இருந்தால்தான் அந்த நீரோட்டத்தை நம்பத் தோன்றும். ஆத்தங்குடிக் கல் பதிக்கிறவர் மூலைக்கு மட்டும்தானே கல்லை வெட்டுவார்? அதேபோல ஸ்கிசம் மாதிரி முக்கோண வலை மாடலுக்குப் போ, பாம்பனில் 200 மீட்டர், நடுக்கடலில் 3 கிமீ. ரோம்ஸை விட மனசில்லை என்றால் 1:3 நெஸ்டிங், அதாவது பெரிய கட்டத்துக்குள் மூன்றில் ஒரு பங்கு அளவில் சின்னக் கட்டம்.

தொண்டிக்காரர்:
முக்கோணம் சரிதான் அண்ணே, ஆனால் ஆழத் தரவு எங்கே? ஜெப்கோ என்ற உலகக் கடல் ஆழத் தரவு 15 விநாடிக் (கோண அளவு) கட்டம், இங்கே கிட்டத்தட்ட 460 மீட்டர். 200 மீட்டர் வலையில் அதைப் போட்டால் இருக்கிற புள்ளிகளுக்கு நடுவே கோடு இழுத்த மாதிரிதான். கடல் வரைபடத்திலிருந்து கால்வாயின் ஆழத்தைக் கையால் ஏற்றுங்கள் தம்பி. இன்னொன்று, எல்லாரும் பாம்பனையே பார்க்கிறோம், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே மணல்திட்டுகளின் சந்துகளிலும் தண்ணீர் போகிறது. அங்கே உங்கள் மாஸ்க்கில் (எது தரை, எது கடல் என்று மாடலுக்குச் சொல்லும் கோப்பு) தரையா கடலா?

தேவகோட்டை அண்ணன்:
அதைச் சொல்ல விட்டுவிட்டேன். அப்புறம் மாடலின் தெற்கு எல்லையையும் பார். 10 மீட்டர் ஆழத்தில் ஓதம் மாதிரி நீண்ட அலை விநாடிக்கு 10 மீட்டர் போகும், 1500 மீட்டரில் 120ஐத் தாண்டும். ரோம்ஸில் பாரோட்ரோபிக் காலப்படியை (இந்த வேகமான அலைகளுக்கான சின்னப் படி) சுருக்குவது அந்த ஆழம்தான். எல்லையைக் கொஞ்சம் வடக்கே இழுத்தால் பாரம் குறையும், ஆனால் ராமர் பாலத்துக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்துவிடாதே.

காரைக்குடி மாணவன்:
மாஸ்க்கைத் திறந்து பார்த்தேன், அங்கேயும் முழுக்கத் தரை. பாம்பனை மட்டுமே குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். முதலில் இரண்டையும் கையால் திறந்து 2 கிமீ, 1 கிமீ இரண்டிலும் ஒரு மாதம் ஓட்டி, குறுக்கே போகும் நீரளவு எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கிறேன். ரொம்ப மாறினால் ஸ்கிசம்.