தண்ணீரில் சிக்கல் இல்லை, கரையில்தான்

வேளச்சேரி வீல்சேர்:

மாற்றுத்திறனாளிகளும் மற்றவர்களும் சேர்ந்து துடுப்பு வலித்துப் பார்க்கலாம் என்று போன மாதம் ஒரு விளையாட்டு நாள் நடந்ததே, அதற்கு நம் ஆட்கள் நாலைந்து பேர் வந்திருந்தீர்கள். அன்றைக்குப் பேச முடியவில்லை, அவரவருக்கு ஆட்டோ பிடிக்கிற அவசரம். அதனால் இங்கே எழுதுகிறேன், உங்கள் கதையையும் எழுதுங்கள். நடத்தியவர்கள் பெயரும் இடத்தின் பெயரும் வேண்டாம். நல்ல மனதோடு செய்தார்கள், நாம் சொல்கிற குறை அவர்கள் தலையில் போய் விழ வேண்டாம்.

எனக்கு முதுகுத் தண்டுவடத்தில் காயம், டி10, அதாவது நெஞ்சுப்பகுதி முதுகெலும்பில் பத்தாவது கணு. பைக் விபத்து, 2013. இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. தண்ணீரோடு எனக்கிருந்த பழக்கம் கொஞ்சம்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளம் முழுகிப்போய், மீனவர்கள் வந்து என்னைப் போர்வையில் சுருட்டி மாடியிலிருந்து படகில் இறக்கினார்கள். சக்கர நாற்காலி மாடியிலேயே நின்றுவிட்டது. அடுத்த ஒன்பது நாள் அத்தை வீட்டு சோபாதான் கதி. அப்புறம் மெரினாவில் மரப்பாதை வந்தது. 2022 நவம்பரில் திறந்தார்கள், அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைப் பிய்த்துப் போட்டது, சரிசெய்த பிறகு ஒருநாள் போனேன். அலையைப் பார்த்துவிட்டு வந்தேன்.

இந்த முறை காலை ஆறரைக்கே ஆஜர். முதலில் கரையில் எர்க் மெஷினில், அதாவது தரையில் துடுப்பு வலித்துப் பழகுகிற இயந்திரத்தில், உட்காரச் சொன்னார்கள். துடுப்பு வலிப்பது கை வேலை என்றுதான் நினைத்திருந்தேன். இல்லையாம், பெரும்பகுதி கால் வேலை. சீட் சறுக்கும், காலால் உதைத்துப் பின்னால் போக வேண்டும். என் காலா உதைக்கும்? சீட் முன்னால் ஓடி நான் மடிந்து விழுந்தேன். பிசியோ அம்மா ஒருவர் சிரித்துக்கொண்டே வந்து, சறுக்காத சீட்டை மாட்டி, நெஞ்சுக்குக் கீழே ஒரு பட்டையைக் கட்டிவிட்டார். பாரா துடுப்பில் மூன்று வகுப்பு இருப்பதாக அவர்தான் சொன்னார். தோளும் கையும் மட்டும் இயங்குபவர்கள் பி.ஆர்.1. இடுப்புக்கு மேல் உடம்பை வளைக்க முடிந்தவர்கள் பி.ஆர்.2. காலும் ஓரளவு உதவுகிறவர்கள் பி.ஆர்.3, பார்வையற்றவர்களும் அதில்தான். முதல் இரண்டு வகுப்புக்கும் சீட் அசையாது. பாராலிம்பிக்கில் இது 2008 பெய்ஜிங்கில் சேர்ந்தது. அப்போது தூரம் 1000 மீட்டர், 2017-லிருந்து எல்லாருக்கும்போல 2000 மீட்டர்.

சரி, படகுக்கு வருவோம். அகலமான படகு, இரண்டு பக்கமும் மிதவை. கவிழுமோ என்ற பயமே வரவில்லை. பயம் வந்தது அதற்கு முன்னாலேயே, மிதக்கும் மேடையிலிருந்து படகில் இறங்குகிற இடத்தில். மேடை ஆடுகிறது, படகும் ஆடுகிறது, சீட் ஒரு முழம் கீழே கிடக்கிறது. நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து இரண்டு கைகள் என் அக்குளுக்குள் நுழைந்தன. "தம்பி, நில்லுங்க" என்று கத்தினேன். பையன் பயந்துவிட்டான். யார் எங்கே பிடிக்க வேண்டும், என் கால் எந்தப் பக்கம் சரியும், எண்ணி முடித்துத்தான் தூக்க வேண்டும் என்று பேசிக்கொண்ட பிறகு நன்றாகவே இறக்கினார்கள். இறங்க 12 நிமிடம், வலித்தது 9 நிமிடம். கைபேசியில் பார்த்தேன்.

வீட்டிலிருந்து ஒரு ஃபோம் மெத்தை கொண்டுபோயிருந்தேன். உணர்வில்லாத இடத்தில் கட்டை சீட் அழுத்தினால் படுக்கைப்புண் வந்த பிறகுதான் தெரியும். புதிதாகப் போகிறவர்கள் இதை மறக்காதீர்கள். ராத்திரி கண்ணாடி வைத்துப் பார்த்தேன், லேசான சிவப்பு, காலையில் மறைந்துவிட்டது.

மூன்றாவது இழுப்பிலேயே துடுப்பு தண்ணீருக்குள் மாட்டிக்கொண்டு பிடி என் வயிற்றில் வந்து இடித்தது. "நண்டு புடிச்சிட்டீங்க சார்!" என்றார் பயிற்சியாளர். இந்த ஆட்டத்தில் அப்படித்தான் சொல்வார்களாம். காசிமேட்டில் விற்கிற அளவுக்குப் பிடித்தேன் அன்றைக்கு. ஆனால் நடுவில் ஏழெட்டு இழுப்பு ஒழுங்காக விழுந்தது. 2015-இல் படகில் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நெஞ்சோடு கட்டிக்கொண்டு கிடந்தேன். இங்கே கைக்கு வேலை இருந்தது.

டாய்லெட் கதவு 22 அங்குலம். என் நாற்காலி 25. விளையாட்டு வசதிகளை நமக்கேற்ப மாற்றி அமைக்க வேண்டும் என்று 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 30-வது பிரிவு சொல்கிறது. யூரின் பேக்கை ஒரு வேனுக்குப் பின்னால் போய்க் காலி செய்தேன். அதற்கு மேல் எழுத வேண்டாம்.

ஒலிவழி:

பிறவியிலேயே பார்வை இல்லை எனக்கு. வங்கி வேலை, வீடு சைதாப்பேட்டை. கோட்டூர்புரம் பாலத்தைத் தினமும் பஸ்ஸில் கடக்கிறேன். பாலம் வந்துவிட்டது என்று மூக்குதான் சொல்லும். அந்த அடையாற்றில்தான் 1867-இல் ஆரம்பித்த மெட்ராஸ் போட் கிளப்காரர்கள் துடுப்பு வலிக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இத்தனை வருஷம் கீழே படகு போயிருக்கிறது, பஸ் ஹாரனில் ஒரு சத்தமும் மேலே ஏறவில்லை.

நாலு பேர் படகில் என்னை மூன்றாவதாக உட்கார வைத்தார்கள். இதில் ஒரு வேடிக்கை. துடுப்பு போடுகிற எல்லாருக்கும் முதுகுதான் போகிற திசையில். எங்கே போகிறோம் என்று நாலு பேருக்குமே தெரியாது! பார்வையுள்ள மூன்று பேரும் திரும்பித் திரும்பிப் பார்த்துப் படகை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தச் சபலமே இல்லை. பின்முனையில் காக்ஸ் மட்டும் முன்னால் பார்த்து உட்கார்ந்து குரல் கொடுப்பார், நாங்கள் கேட்டு வலிக்க வேண்டும். குரலைக் கேட்டு நடப்பது எனக்குப் புதுசா என்ன?

எங்கள் காக்ஸ் ஒரு குப்பத்துப் பையன். "வலி... விடு... வலி... விடு" என்பதுதான் அவன் பாட்டு. எனக்கு முன்னால் இருந்தவர் மூட்டுவலிக்காரர். "தம்பி, நீ சொல்லவே வேணாம், ஏற்கெனவே வலிக்குது" என்றார். படகே குலுங்கியது.

துடுப்பைப் படகோடு பிடித்திருக்கும் வளையத்தில் அது திரும்பும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும். முதலில் நாலு டக்கும் நாலு திசையில், ஓட்டுக்கூரைமேல் கொட்டாங்கச்சி உருட்டின மாதிரி. பத்து நிமிடம் போனதும் அது இரண்டாகக் குறைந்தது. அப்புறம் ஒரு தடவை, ஒரே டக். அந்த நேரத்தில் என் சீட்டுக்கு அடியில் தண்ணீர் கொப்பளித்து ஓடுவது கேட்டது. படகு நன்றாக ஓடினால்தான் அது கேட்குமாம். கேட்டதை நான் சொன்னபோது மற்ற மூன்று பேரும் "எங்கே, எங்கே?" என்றார்கள்.

சர்வதேசப் போட்டியில் இப்படிக் கலந்த நால்வர் படகு ஒரு தனிப் பிரிவாகவே இருக்கிறதாம். இரண்டு ஆண், இரண்டு பெண், ஒரு காக்ஸ். பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் அதில் இரண்டு பேருக்கு மேல் இருக்கக்கூடாது. ஏன் இரண்டோடு நிறுத்தினார்கள் என்று எனக்கு வருத்தம்தான்.

ஒரே ஒரு குறை. என்னிடம் பேசிய தொண்டர்கள் எல்லாரும் மைக் இல்லாத மேடையில் பேசுவதுபோலக் கத்தினார்கள். காது நன்றாகக் கேட்கிறது தம்பிகளா.

அம்பத்தூர் அம்மா:

என் பையனுக்கு ஆட்டிசம், 17 வயது. அவன் படகுப் பக்கமே போகவில்லை, மேடை ஆடுவதைப் பார்த்ததும் காதைப் பொத்திக்கொண்டான். ஆனால் அந்த எர்க் மெஷினை விட்டு இறங்க மாட்டேன் என்றான். அதன் சின்னத் திரையில் மீட்டர் கணக்கு ஓடுமே, அதுதான் அவனுக்கு வேண்டியிருந்தது. சரியாக 500-இல் நிறுத்துவான். 501 ஆகிவிட்டால் முதலிலிருந்து. பின்னால் வரிசை நின்றது, எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வரிசையில் இருந்த ஒரு அண்ணா, வீல்சேரில் இருந்தவர், "விடுங்கம்மா, எனக்கு அவசரம் இல்ல" என்றார். நீங்கள்தானா அது?

பாராலிம்பிக் துடுப்பில் உடல் குறைபாட்டுக்கும் பார்வைக் குறைபாட்டுக்கும்தான் இடம், இவனைப் போன்ற பிள்ளைகளுக்கு இல்லை என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். பரவாயில்லை. இவனுக்கு மெடல் வேண்டாம், 500 வேண்டும். வீட்டில் வைக்கிற மாதிரி மலிவான மெஷின் யாராவது பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

ராயபுரம்61:

எனக்கு இரண்டு வயதில் போலியோ. இடது காலில் காலிபர், காலைத் தாங்குகிற இரும்புக் கம்பிச் சட்டம். எங்கள் குடும்பம் கடல் தொழில் பார்த்த குடும்பம். அப்பா அண்ணன்மாரைக் கட்டுமரத்தில் ஏற்றிக்கொண்டு போவார், என்னைக் கரையில் மீன் கூடைக்குக் காவல் வைப்பார். "கால் ஊனாதவன் கடலுக்கு ஆகமாட்டான்" என்பார். குறையாகச் சொல்லவில்லை, அவர் கணக்கு அது. கட்டுமரத்தில் காலைத்தான் முதலில் ஊன்ற வேண்டும்.

எங்கள் ஆட்கள் முன்னால் பார்த்துத் துடுப்பு போடுவார்கள். இவர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு போவதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு. ஒலிவழி தம்பிக்கு அது வசதி, எனக்குக் கழுத்து நோவு.

நான் சொல்ல வந்தது வேறு. படகில் ஏறுவதற்கு முன் காலிபரைக் கழற்றச் சொன்னார்கள். இரும்பு, கவிழ்ந்தால் கீழே இழுக்கும் என்றார்கள். சரியான பேச்சுதான். ஆனால் என் இடது காலை என் மனைவியும் டாக்டரும் தவிர யாரும் பார்த்ததில்லை. முருங்கைக்காய் மாதிரி இருக்கும். ஐம்பது பேர் நிற்கிற இடத்தில் வேட்டியை மடித்து பெல்ட்டை அவிழ்க்கக் கை வரவில்லை. போகலாம், வீட்டுக்கே போகலாம் என்று எழுந்துவிட்டேன். ஒரு பெண், கல்லூரி படிக்கிறது போல, ஒன்றும் கேட்காமல் ஒரு பெரிய துண்டை என் மடியில் போட்டுவிட்டு ஏரியைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டது. கழற்றிக் கொடுத்தேன். செருப்பு வரிசையில் என் செருப்புக்குப் பக்கத்தில் நிற்க வைத்தது.

இருபது நிமிடம் கழித்துத் திரும்பி வந்தால் காலிபரைக் காணோம். நெஞ்சு அடித்துக்கொண்டது. பார்த்தால் மரத்தடியில் இருக்கிறது. "வெயில்ல கம்பி சுட்டுடும்பா" என்றது அந்தப் பெண். கம்பி சுடும் என்பது காலிபர் போட்டவனுக்குத்தான் தெரியும், அதற்கு எப்படித் தெரிந்தது என்று இன்னும் யோசிக்கிறேன்.

அப்புறம் அந்தத் தலைமை விருந்தாளி பேச்சு. கண்ணிவெடியில் காலை இழந்த ராணுவ வீரர் நாராயணாவும் அனிதாவும் ஹாங்ஜோ ஆசியப் பாரா விளையாட்டில் துடுப்பில் வெள்ளி வாங்கினார்கள், 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் எட்டாவது வந்தார்கள், நீங்களும் அதுபோல வர வேண்டும் என்றார். அவர்களுக்குக் கும்பிடு. எனக்கு 61 வயது தம்பி, இன்னொரு தடவை படகில் ஏற்றினால் போதும்.

பழைய துடுப்பு:

நான் மாற்றுத்திறனாளி இல்லை, கல்லூரியில் துடுப்பு போட்டவன், அன்றைக்குத் தொண்டனாக இருந்தேன். வேளச்சேரி சாரை அக்குளில் பிடித்துத் தூக்கப் போனவன் நான்தான். மன்னியுங்கள். கடைசியில் எப்படி இறக்கினோம் என்பதை எழுதி அடுத்த முறைக்கு வைத்திருக்கிறேன்.

இன்னொரு தப்பும் செய்தேன், அது உங்கள் யாருக்கும் தெரியாது. ஒருவருக்கு நெஞ்சுப்பட்டையைக் கட்டும்போது வழுக்கக்கூடாதென்று கூடுதலாக ஒரு முடிச்சுப் போட்டேன். சீனியர் ஒருவர் வந்து, முடிச்சைப் பார்த்து, என்னை ஓரமாகக் கூட்டிப்போய்ப் பேசினார். அந்தப் பட்டை ஒரே இழுப்பில், ஒரு கையால், உடனே கழன்றுவிட வேண்டும். கவிழ்ந்தால் படகில் கட்டுண்டு தலைகீழாகக் கிடப்பவருக்கு முடிச்சு அவிழ்க்க நேரம் இருக்காது. முறையாகக் கற்றுக்கொள்பவர்களை முதலில் நீச்சல் குளத்தில் வேண்டுமென்றே கவிழ்த்துப் பழக்குவார்கள். நாம் ஒரு நாள் நிகழ்ச்சி என்று மிதவையையும் லைஃப் ஜாக்கெட்டையும் கூடவே வந்த மோட்டார் படகையும் நம்பி அதைச் செய்யவில்லை. தொடர்ந்து வருவதென்றால் செய்தே ஆக வேண்டும்.

விருந்தாளி பேச்சு 40 நிமிடம் வெயிலில். கழுத்தில் அடிபட்ட ஒரு தங்கை முதல் வரிசையில் இருந்தார். காயத்துக்குக் கீழே அவர்களுக்கு வியர்க்காது, உடம்பு சூடு இறங்க வழியில்லை. முகம் செவசெவ என்று ஆகும்வரை எங்களில் ஒருவரும் கவனிக்கவில்லை. அவர் அம்மாதான் ஈரத்துண்டு கேட்டு ஓடி வந்தார். அடுத்த முறை பேச்சு மேடையே வேண்டாம் என்று கூட்டத்தில் சொன்னேன். "ஸ்பான்சர் ஒத்துக்க மாட்டாங்க" என்றார்கள். பந்தலாவது போடுவோம் என்பதில் முடிந்தது.

ஒலிவழி:

மைக்கைப் பிடுங்கிக் காக்ஸ் பையனிடம் கொடுங்கள். "விடு" என்றால் விட்டுவிடுவார்கள்.

வேளச்சேரி வீல்சேர்:

அம்பத்தூர் அம்மா, அது நான்தான். 500-க்கு அவன் நிறுத்திய விதத்தில் எங்கள் ஆடிட்டரே தோற்றார்.

பழைய துடுப்பு தம்பி, மன்னிப்பெல்லாம் எதற்கு. நீங்கள் எழுதி வைத்த தாளில் ஒரு வரி சேருங்கள்: மிதக்கும் மேடைக்கும் படகு சீட்டுக்கும் நடுவே ஒரு பலகை. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு நகர நான் வீட்டில் வைத்திருப்பது போதவில்லை, நீளம் குறைவு. போன வாரம் எங்கள் தெரு ஆசாரியிடம் புதிதாகச் சொன்னேன். மூன்றடி நீளம், ஓரடி அகலம், முக்கால் அங்குல பிளைவுட், ஓரமெல்லாம் உருட்டி, உட்காரும் துணி மாட்டாதபடி தேய்த்துக் கொடுக்க வேண்டும் என்று. எதற்கு என்று கேட்டார். படகில் இறங்க என்றேன். என்னையும் நாற்காலியையும் ஒருமுறை பார்த்தார்.

"அப்ப தண்ணி படும். வார்னிஷ் ரெண்டு கை கூட அடிக்கணும், வெள்ளிக்கிழமை வாங்க" என்றார்.